மூன்று டிகிரி

டெல்மர் கோவாச் கடையில்
புதன்கிழமைதான் புதுச்சரக்கு.
பெட்டி பிரிக்கிற கத்தியாலேயே
சலாமி நறுக்கித் தின்றபடி
எது படிக்கத் தக்கது, எது குப்பை என்று
தீர்ப்புச் சொல்வார்.
டொலீடோவின் கிழக்குக் கரையில் வேறு காமிக்ஸ் கடை இல்லை,
மேல்முறையீட்டுக்கும் வழியில்லை.

அவருக்குப் பிடித்தவன் நள்ளிரவுக் கோடரி.
இருநூற்றுப் பதினாலு இதழ்களாக
மழையிலேயே நிற்கிறான் அந்த ஆள்.
ஒரு கண் போய்விட்டது, மனைவி போய்விட்டாள்.
எழுபதாம் இதழில் இரண்டும் திரும்ப வந்து
எண்பதில் மறுபடி போயின.
காப்பியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் குடிப்பான்.
"இதுதான் வாழ்க்கை, லோரீன்" என்பார் டெல்மர்.
வாழ்க்கையில் இவ்வளவு தோல் உடுப்பை
நான் பார்த்ததில்லை.

எனக்குப் பிடித்தவள் மிஸ் பாரமானி.
பதினெட்டே இதழ்; அப்புறம் கம்பெனி படுத்துவிட்டது.
பறக்க மாட்டாள், கட்டடம் தூக்க மாட்டாள்.
மூக்குக் கண்ணாடி, மஞ்சள் ரப்பர் பூட்ஸ்.
மனது வைத்தால், நிற்கும் இடத்தைச் சுற்றி
மூன்று டிகிரி ஏற்றுவாள், மூன்று டிகிரி இறக்குவாள்.
அவ்வளவுதான்.

"அது சக்தி இல்லை, ஹீட்டர் குமிழ்.
போதாததற்குப் பாரமானி அளப்பது காற்றின் அழுத்தம்;
பெயரே தப்பு" என்று சொல்லி
அவளைக் கால் டாலர் பெட்டியில் செருகினார்,
பேசும் வாத்துக்கும் பேசும் லாரிக்கும் நடுவில்.
"உனக்கு ருசி போதாது."
"உங்களுக்கு வெயில் போதாது" என்றேன்.

நவம்பர் முதல் மார்ச் வரை
நகராட்சியின் உப்பு லாரி ஓட்டுகிறவள் நான்.
அது டெல்மருக்குத் தெரியும், யோசித்ததில்லை.
எங்கள் ஊர்க் கணக்கில்
முப்பத்திரண்டில் தண்ணீர் உறையும்.
இரவு இரண்டு மணிக்கு, ஆற்றுப் பாலத்தில்,
முள் முப்பத்தொன்று காட்டினால்
வயிற்றில் ஒரு கல் விழும்.
முப்பத்துநாலு என்றால்
ரேடியோவில் பாட்டுத் தேடுவேன்.
சாலைக்கு முன்னால் பாலம் உறையும்:
மேலேயும் காற்று, அடியிலும் காற்று,
மண்ணின் சூடு எட்டாத இடம்.

ஒன்பதாம் இதழ், பதினோராம் பக்கம்.
மடக்கு நாற்காலி போட்டுப்
பாலத்தின் நடுவே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள்.
பள்ளிப் பேருந்து வருகிறது.
ஜன்னலில் மூக்கை நசுக்கி ஒரு பையன்
அவளுக்கு நாக்கை நீட்டுகிறான்.
போகிறது.
அடுத்த கட்டத்தில் நாற்காலியை மடக்குகிறாள்.

"வில்லன் எங்கே?" என்றார் டெல்மர்.
"பாலம்தான்."
"பாலம் வில்லன் ஆகாது."
"நீங்கள் ஓட்டிப் பாருங்கள்."
வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்
ஒருமுறை இருமினார், கடைசியாக.

ஜனவரியில், பனிமழைக்கு மறுநாள்,
டெல்மரின் மணிக்கட்டில் மாவுக்கட்டு.
சொந்தக் கடையின் சொந்தப் படியில்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவர் கத்தியை வாங்கிப் பெட்டியைப் பிரித்தேன்.
இருநூற்றுப் பதினைந்தாம் இதழ். அட்டையில் மழை.

கால் டாலர் பெட்டியில்
ஒன்பதாம் இதழைக் காணோம்.
"விற்றுவிட்டதா?"
"யாரோ எடுத்துப் போனார்கள்."
கல்லாவுக்கு அடியில், சலாமிக் காகிதத்துக்குக் கீழே
ஒரு மஞ்சள் பூட்ஸ் நுனி.

"ஒன்று சொல்கிறேன்" என்றார்,
இடது கையால் சில்லறை எண்ணத் தடுமாறிக்கொண்டே,
"வரைந்தவனுக்குக் கை வரையத் தெரியாது."

அதை நான் மறுத்ததே இல்லை.
அதனால்தானே பதினெட்டு இதழ்களிலும்
கோட்டுப் பைக்குள்ளேயே
வைத்திருக்கிறாள்.