பதினேழு நெடுக்கு

மீன் ஏலம் முடிந்து
கிரிம்ஸ்பி துறைமுகம் தரை கழுவும் நேரம்.
வின்னிஃப்ரெட் டாஸ்கர்
வெள்ளிக்கிழமைப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துக் கட்டுகிறாள்.
பதினேழு நெடுக்கில் மிஞ்சியது மூன்றே கட்டம்:
‘கெட்’.
அதற்கொரு குறிப்பு வேண்டும்.

‘பெறு’ சப்பென்று இருக்கிறது.
‘ஈட்டு’? வக்கீல் கடிதத்தில் தவிர
இந்தத் தெருவில் யார் சொல்கிறார்கள்?
அகராதி இன்னும் நாலு பக்கம் நீள்கிறது.

கீழே கிளெம்
எந்தப் பக்கத்தையும் திறக்காமலே
அதையே பேசிக்கொண்டு திரிகிறான்.
பால் வாங்க ஒரு கெட்,
பஸ் பிடிக்க ஒரு கெட்,
யாராவது தட்டினால் கதவைத் திறக்கவும் அதே கெட்.
இருட்டுவதும் அதுதான், நனைவதும், கிழவனாவதும்.
சோபாவிலிருந்து நாயை இறக்கவும்
வேறு சொல் அவனிடம் இல்லை.

போன் அடித்தது. அவன்தான் எடுத்தான்.
பாதிப் படியில் நின்று சொன்னான்:
டாக்டர் உன் மார்பிலிருந்து
எல்லாவற்றையும் ‘கெட்’ பண்ணிவிட்டாராம்.
ஓரத்தில்கூட ஒன்றுமில்லையாம்.

புரிந்ததா என்று கேட்டான்,
அந்தச் சொல்லாலேயே.

அவள் ரப்பரை எடுத்து
‘பெறு’வை அழித்தாள், ‘ஈட்டு’வை அழித்தாள்,
அழிக்க வேண்டாத கோடு ஒன்றையும் அழித்தாள்.
குறிப்பு இன்னும் காலி.
நாய் மறுபடி சோபாவில்.