சோமனூரிலிருந்து பஸ்

முதல் வாரம் கணக்கே நடத்தவில்லை.
ஸ்கெட்ச் பேனா மூடியை
'டிக்' என்று கேட்கும்வரை அழுத்துவதுதான்
மூன்றாம் வகுப்புக்குத் திங்கட்கிழமைப் பாடம்.
முப்பத்திரண்டு பேர். முப்பத்தோரு டிக்.
இன்னொருக்கா, என்றேன்.
மறுபடியும் முப்பத்தொன்றுதான்.

செவ்வாய்க்கிழமை நான்கு பாய் விரித்தேன்.
பட்டன் டப்பா ஒரு பாயில்,
தராசும் கட்டிங் வேஸ்ட் மூட்டையும் இன்னொன்றில்,
சீட்டுக்கட்டு ஒன்றில்,
கடைசிப் பாயில் வெறும் நோட்டுகள்.
"இதெல்லாம் ஒவ்வொரு ஸ்டேஷன்" என்றதும்
மிதுனேஷ் எழுந்தான்:
"எந்த ஸ்டேஷனுங் மிஸ்? போலீசா, ரயிலா?"

ரயில் என்று முடிவானது.
ஊத்துக்குளி, திருப்பூர், வஞ்சிபாளையம், சோமனூர்.
பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம்
காலி நூல் கோனை வாயில் வைத்து நான் ஊதினால்
எட்டுப் பேர் எட்டுப் பேராக அடுத்த ஊருக்கு.
ஓடக் கூடாது. பேசலாம், கத்தக் கூடாது.
வந்த இடத்தை வந்தபடி விட்டுப் போக வேண்டும்.

முதல் ஊதலிலேயே விபத்து.
சோமனூர்க்காரர்கள் நடுவழியில் நின்றுவிட்டார்கள்.
"ரயிலு வட்டமா ஓடாதுங் மிஸ்.
நாங்க எப்படி ஊத்துக்குளிக்குப் போறது?"
இரண்டு வருஷப் பயிற்சியில்
இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
"அவங்க மட்டும் பஸ்ஸுல வரட்டும்" என்றாள் யாழிசை.
அன்றிலிருந்து
ஜன்னலோரச் சுவரை ஒட்டி ஒரு பஸ் போகிறது,
கம்பி பிடித்தபடி, கொஞ்சம் குலுங்கி.

தலைமையாசிரியர் வாசலில் நின்றார்.
"என்னங் டீச்சர், சந்தைக்கடையாட்ட இருக்குது?"
"சந்தை இல்லீங் சார், ஜங்ஷன்"
பட்டன் எண்ணியபடியே, தலை தூக்காமல், ஒரு குரல்.

நோட்டுதான் பிடிபடவில்லை.
"கணக்கு நோட்டு இருக்குதுங்களே, இது எதுக்கு?"
இதில் கணக்குப் போட வேண்டாம்,
போடும்போது மண்டைக்குள் நடந்ததை எழுதுங்கள் என்றேன்.
'இன்று கணக்கு நன்றாக இருந்தது.'
முப்பத்திரண்டு நோட்டில் முப்பத்திரண்டு தடவை
அதே பொய்.
சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம்
ஜிதன் சாஹு ஒரு ரயில் வரைந்தான்.
இருபத்திரண்டு பெட்டி, பெட்டிக்கு நாலு ஜன்னல்,
கீழே 88, பக்கத்தில்
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு சொல்.
சம்யுக்தா எழுதியிருந்தாள்:
'அம்மா பிசிறு வெட்டுனா பீசுக்கு முப்பது பைசா.
நூறு பீசுக்கு முப்பது ரூபா. நேத்து நானூறு.
அப்ப நூத்தியிருபது.
கொண்டு வந்தது நூத்திப்பத்து.
பத்து ரூபா எங்க போச்சுன்னு தெரியல.'
அதன் கீழே ரொம்ப நேரம்
பென்சிலை வைத்துக்கொண்டிருந்தேன்.
எனக்கும் தெரியவில்லை என்றுதான் எழுத முடிந்தது.

வியாழக்கிழமை மாலை, கடைசி நோட்டு, மௌலீஸ்வரன்:
'மிஸ் போர்டுல 503ல 267 போனா 246னு போட்டாங்க.
நான் 267ல இருந்து ஏறிப் போனேன்.
3 சேத்தா 270. 30 சேத்தா 300. அப்புறம் 203.
மொத்தம் 236 தான்.
மிஸ்க்கு தலைவலி. அதனால சொல்லல.'

கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.
அழிக்காமல் அப்படியே இருந்தது 246,
என் அழகான கையெழுத்தில்.

'சொல்லியிருக்கலாம் கண்ணு.
தலைவலி இருந்தாலும் சொல்லு' என்று எழுதி
நோட்டை மூடினேன்.

வெள்ளிக்கிழமை காலை
கணக்கைத் திருத்திவிட்டுத் திரும்பவில்லை,
வஞ்சிபாளையத்திலிருந்து சத்தம்:
"மிஸ், தேதியும் தப்புங்."