பகர வரிசை

என் பெயர் பரஞ்சோதி.
படித்துவிட்டீர்கள், ஒரு நொடிகூட ஆகவில்லை.
எனக்கு ஆகும்.

உதடு இரண்டும் சேர்ந்துவிட்டால் பிரியாது.
புள்ளி வைத்த எழுத்து அது.
மெய் மட்டும் வந்து வாசலில் நிற்கும்,
உயிர் பின்னால் எங்கோ பஸ்ஸைத் தவறவிட்டிருக்கும்.

அப்பா பச்சையப்பன். அதுவும் ப.
ஊர் பத்தாங் பெர்ஜுந்தை.
பல்லைக் கடித்து அதைச் சொல்லப் பழகியபோது
அரசாங்கம் பெயரை மாற்றியது:
பெஸ்தாரி ஜெயா.
எல்லாவற்றையும் மாற்றினார்கள்,
முதல் எழுத்தை விட்டுவிட்டார்கள்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம்
செம்பனை ஆலைக்கு, இரவு ஷிப்டுக்குப் போகும் வழியில்
ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்பிளாக்.
ஆரஞ்சுக் கூம்புகள். டார்ச் நேரே கண்ணில்.
"நாமா?" என்றார்.
ப் என்றேன்.
"சியாப்பா நாமா?"
ப் ப்.
கண்ணை இறுக மூடினேன், தாடை ஆடியது,
கை ஸ்டீரிங்கைத் தட்டியது, தாளம் கிடைத்தால் சொல் வரும் என்று.
பார்க்கிறவருக்கு வேறென்ன தோன்றும்?
இறங்கச் சொன்னார். ஊதச் சொன்னார்.
ஊதினேன். காற்று மட்டும் தாராளமாக வந்தது.
கருவி பூஜ்யம் காட்டியதும் சந்தேகம் கூடிவிட்டது,
அப்படியென்றால் மாத்திரையோ தூளோ.
பாலாய்க்குக் கூட்டிப்போய் சிறுநீருக்குக் கப் கொடுத்தார்கள்.
ஒரு நாள் சம்பளம் போனது.
மண்டோரிடம் காரணம் சொல்லலாம் என்றால்
அதுவும் போலீஸ் என்றுதான் தொடங்குகிறது.

தமயந்திதான் ஜெராக்ஸ் கடைக்கு இழுத்துப்போனாள்.
டைப் அடிக்கிற பெண் முதலில் "மன்னிக்கவும்" என்று போட்டாள்.
எடுக்கச் சொல்லித் தலையாட்டினேன்.
மீதி இருந்தது:
எனக்குத் திக்குவாய். குடிக்கவில்லை.
நீங்கள் பேசுவது விளங்கும்.
விளக்கை முகத்திலிருந்து இறக்குங்கள்.
என் வார்த்தையை நீங்கள் முடித்துவைக்க வேண்டாம்.
"பேரையும் போட்டுரவா அங்கிள்?"
வேண்டாம்.
அதை நான் சொல்லிக்கொள்கிறேன்.
மலாயில் நான்கு வரி, லேமினேட்டோடு மூன்று வெள்ளி.

சன்ஷேடில் செருகினேன்.
"ராத்திரியில நீ மேல கையத் தூக்குனா
அவன் இடுப்புல கை வைப்பான்," என்றாள்.
சரி என்று கண்ணாடியில் ஒட்டினேன், வெளியே பார்த்தபடி.
மறுநாள் எண்ணெய் நிலையத்தில் கண்ணாடியை இறக்கினேன்,
அட்டையும் கூடவே இறங்கி நடுவில் சிக்கியது.
கஞ்சில் கதவுக்கும் திக்குவாய்.
இன்னொரு மூன்று வெள்ளி.
இப்போது ஸ்டீரிங் நடுவில், இரண்டு ரப்பர் வளையம் போட்டு.
கையும் அட்டையும் ஒரே வெளிச்சத்தில்.

நேற்று அதே பாலம்.
சின்னப் பையன், மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.
நெஞ்சில் பிர்தாவுஸ் என்று இருந்தது.
அவனும் பகரம்தான்,
ஆனால் சட்டையே சொல்லிவிடுகிறது, கொடுத்துவைத்தவன்.
குனிந்து, உதடு அசைய, அட்டையைப் படித்தான்.
டார்ச்சை இறக்கினான். அவன் பூட்ஸில் சேறு தெரிந்தது.
பிறகு ஒன்றும் செய்யவில்லை.
நின்றான்.
பின்னால் குலை ஏற்றிய லாரி ஹார்ன் அடித்தது.
பொறு என்று கை காட்டினான்,
எனக்கல்ல, லாரிக்கு.

ப்

ப்

ப
ரஞ்சோதி.

வலப்பக்கப் பிரேக் விளக்கு எரியவில்லையாம்.
சம்மன்.
நான் சொல்லச் சொல்ல எழுதினான், அப்பா பெயர் வரைக்கும்.
எழுத்துச் சரிபார்க்கத்தான் ஐ.சி. கேட்டான்.
பச்சையப்பனுக்கு நெடுநேரம் ஆனது.
பேனா தாளுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது,
ஒரு புள்ளிகூட வைக்காமல்.

திங்கட்கிழமை அபராதம் கட்டப் போகவேண்டும்.
கவுண்டரிலும் பெயர் கேட்பார்கள்.