இரட்டைக் கூடு

கை நசுங்கியது இண்டூர் பஸ்ஸின் கதவில்.
மூன்று வருடம் ஆகிறது.
எலும்பு நாற்பது நாளில் கூடிவிட்டது.
படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
டாக்டர் சொன்னார்:
"கை நல்லா இருக்கும்மா."

நல்லா இருக்கிறது.
எரிகிறது.

ஃபேன் காற்று பட்டால் எரியும்.
முந்தானை உரசினால் எரியும்,
மிளகாய் அரைத்த மாதிரி.
இல்லை, அதுவும் சரியில்லை.
மிளகாய் என்றால் மோர் ஊற்றினால் அடங்கும்.

தருமபுரியில் இரண்டு பேர், சேலத்தில் ஒருவர்,
பெங்களூரில் ஒரு முழு நாள் டோக்கனோடு.
நரம்புக்கு மாத்திரை, தூக்கத்துக்கு மாத்திரை,
அவை இரண்டும் கிளப்பிவிடும் வயிற்றுக்கு இன்னொன்று.
கழுத்தில் ஊசி போட்டார்கள்.
பதினோரு நாள் ஒன்றுமே இல்லை.
சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன்.
பன்னிரண்டாம் நாள்
செருப்பைக் கழற்றாமலே அது உள்ளே வந்தது.

"பத்துக்கு எத்தனை?"
போகிற இடமெல்லாம் இதே கேள்வி.
எனக்கு எண் புதிதில்லை,
பட்டுக்கூடு அங்காடியில் ஏலச் சீட்டு எழுதுகிறவள்.
கிலோ நானூற்றுப் பத்து, நானூற்றுப் பதினெட்டு,
கூப்பிடக் கூப்பிட எழுதுவேன்,
இப்போது இடது கையால்.
ஒன்பது என்றால்
ஒன்பதுக்காரி இப்படியா உட்கார்ந்திருப்பாள் என்று பார்க்கிறார்கள்.
ஐந்து என்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.
ஏழு சொல்லிப் பழகிக்கொண்டேன்.
ஏழு கட்டுபடியாகிற விலை.

வீட்டுக்காரர் மாதையன்
முதல் வருடம் பச்சிலை கட்டினார்.
இரண்டாம் வருடம் மொட்டை போட்டுக்கொண்டார்.
இந்த வருடம் எதுவும் கேட்பதில்லை;
பஸ்ஸில் ஏறும்போது மட்டும்
என் வலப்பக்கம் வந்து நின்றுகொள்கிறார்.

பெரியாஸ்பத்திரியில் பர்வீன் என்று ஒரு பிசியோ பெண்.
மேசைமேல் கண்ணாடி ஒன்றை நிறுத்தி
வலக்கையை அதன் பின்னால் ஒளித்துவிட்டு
இடக்கையை முன்னால் ஆட்டச் சொன்னாள்.
கண்ணாடிக்குள் ஒரு வலக்கை
எந்தக் கதவையும் அறியாதது
விரல்களை விரித்தது, மூடியது.
"மூளை பாத்துட்டே இருக்கட்டும். மெதுவா நம்பும்."
"போயிடுமா?"
"போயிடும்னு நான் சொல்லமாட்டேன்க்கா.
உங்க வீட்ல இப்ப அது நாலு ரூம்ல இருக்கு.
ஒரு ரூம்ல உக்கார வைக்கலாம்."
ஷேர் ஆட்டோவில் வரும்போது அழுதேன்,
மூன்று வருடத்தில் முதல்முறையாக
எனக்கு யாரோ பொய் சொல்லவில்லை என்று.

காலையில் பத்து நிமிடம், ராத்திரி பத்து நிமிடம்.
சலூன் தங்கவேல் தந்த பழைய கண்ணாடி,
ஓரத்தில் ரசம் போனது.
அப்புறம் கையைப் பழக்குவது:
முதலில் பஞ்சு, பிறகு பழைய வேட்டி,
பிறகு ராகிப் பானைக்குள் மணிக்கட்டு வரை.
முதல் வாரம் கத்தினேன்.
இப்போது இருபது எண்ணலாம்.

ஒருநாள் மூன்று வந்தது.
நிஜமாகவே மூன்று.
அதை நம்பிப் போர்வை எல்லாம் துவைத்துப் போட்டு
இரண்டு நாள் படுத்துக்கிடந்தேன்.
இப்போதெல்லாம் மூன்று வந்தால்
பாதித் துணியோடு எழுந்துவிடுகிறேன்.
மீதி வாளியில் ஊறுகிறது. ஊறட்டும்.

நேற்று, மாரண்டஅள்ளி முனிரத்தினத்தின் குவியலில்
தரம் பிரிக்கிற சென்னம்மா ஒரு கூட்டைத் தனியே எடுத்தாள்.
இரட்டைக் கூடு.
இரண்டு புழு சேர்ந்து கட்டியது.
எது எவளுடைய நூல் என்று பிரிக்க வராது.
"தூக்கிப் போட்டுருவாங்களா?" என்றேன்,
தெரிந்துகொண்டே.
"எதுக்கு? முடிச்சு முடிச்சா வரும், அவ்ளோதான்.
அதை வாங்கறதுக்கும் ஆள் வரும்."
சொல்லிக்கொண்டே
என்னைக் கேட்காமல்
அதை என் வலது உள்ளங்கையில் வைத்துவிட்டாள்.

எடை என்று எதுவுமில்லை அதற்கு.
எரிந்தது.
பதினான்கு எண்ணும்வரை வைத்திருந்தேன்,
அதற்குள் அடுத்த குவியலுக்கு
விலை கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.