ஆயிரத்து நானூற்று அறுபது

திறந்ததும் குழாய் முதலில் இருமும்.
பிறகு கொஞ்சம் காற்று, கொஞ்சம் துரு,
அப்புறம்தான் தண்ணீர்.

கோவிலம்பாக்கம், மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது.
என் பையில் ஸ்பேனர், டெஃப்லான் டேப்,
யாரோ தேய்த்து எறிந்த பல்துலக்கி,
பேனா அளவில் ஒரு மீட்டர்.

கீசரைக் கழற்றிக் காயிலை இழுத்தேன்.
வரவில்லை.
சுத்தியலால் தட்டித் தட்டி
அது வெளியே வந்தபோது
மணிக்கட்டு கனத்துக்குச் சுண்ணாம்பு,
கடலுக்கடியில் கிடந்த எலும்பு மாதிரி.
"வாங்கிப் பதினெட்டு மாசம்தான் ஆகுது" என்றார் ஜெசிந்தா.
பில்லைக் காட்டினார்.
நான் வாளியைக் காட்டினேன்.

மீட்டரை முக்கியதும் எண்கள் ஓடின.
இந்த ஊரில் பேரம் பேசாமல் ஓடும் மீட்டர்
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.
ஆயிரத்து நானூற்று அறுபதில் நின்றது.

ஓர் எண் கிடைத்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.
குக்கர் எட்டு விசில் அடித்தாலும்
துவரம்பருப்பு முழித்துக்கொண்டு நிற்கிறதாம்.
சோப்பு கரைகிறதே தவிர நுரைக்கிறதில்லை.
லாரிக்குச் சொன்னால் நாலாம் நாள் வருகிறது.
ஹாஸ்டலிலிருந்து வரும் மகள்
இங்கே தலைக்குக் குளிப்பதே இல்லை,
இரண்டு நாள் இருந்துவிட்டு
தலைமுடியைக் காப்பாற்றிக்கொண்டு போய்விடுகிறாள்.

ஒன்பதாம் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது:
கடினத்தன்மை இரண்டு வகைப்படும்.
கொதித்தால் போவது தற்காலிகம்.
கொதித்தும் போகாதது மற்றது.
மூன்று மதிப்பெண்.
நான் இரண்டையும் மாற்றி எழுதியிருந்தேன்.

"எவ்ளோ காட்டுது?"
உள்ளறையிலிருந்து குரல்.
கட்டிலில் சவரிராயன்.
தலைமாட்டில் ஒரு பாட்டில்,
அதன் மேல் பேனாவால் கிழித்த கோடு:
எழுநூற்றைம்பது மில்லி, ஒரு நாளைக்கு,
மாத்திரை விழுங்கும் மடக்கும் சேர்த்து.
எண்ணைச் சொன்னேன். சிரித்தார்.
"எனக்கும் ஆர்.ஓ. சர்வீஸ்தான் தம்பி,
வாரத்துல மூணு நாள், குரோம்பேட்டைல,
நாலு நாலு மணி நேரம்."

கையை நீட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.
தோலுக்கடியில் ஏதோ விறுவிறுவென்று ஓடியது.
மோட்டார் போட்ட நேரத்தில் பைப்பைப் பிடித்தால்
உள்ளங்கை அதிருமே,
அப்படி.

சமையலறையில் ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினார்.
"டாக்டர் சர்க்கரையாலங்கிறார்.
இவர் தண்ணியாலங்கிறார்.
நீங்க சொல்லுங்க."
நான் என்ன சொல்ல?
என் மீட்டர் எவ்வளவு என்று சொல்லும்,
எது என்று சொல்லாது.
நாநூற்றிருபது அடி இறங்கி இவர்கள் எடுப்பதை
பக்கத்துத் தெருவில் நானூற்று ஐம்பதில் எடுக்கிறார்கள்.
கீழே இருக்கும் பாறைக்கு
யார் வீட்டு வாடகையும் தெரியாது.

கேன் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்தார்.
கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தேன்.

காயிலை ஆசிட்டில் போட்டேன்.
வெள்ளை வெள்ளையாகப் பொங்கிச் சீறியது.
"என்ன ஜெசி, சோடாவா?"
உள்ளிருந்து கேட்டார்.
அந்தக் குரலில் நாக்கு தெரிந்தது.
இருவரும் பதில் சொல்லவில்லை.

கிளம்பும்போது நிறுத்தினார்.
"அந்தக் குழாயையும் பார்த்துடுங்க.
ராத்திரி பூரா சொட்டுது.
எனக்கொண்ணுமில்ல, அவருக்குக் கேக்குது."

வாஷரை மாற்றினேன். ஏழு ரூபாய், பில்லில் எழுதினேன்.
புது வாஷர் உட்காரவில்லை,
உட்காரும் இடத்திலும் உப்பு.
பல்துலக்கியை உள்ளே விட்டு
சுற்றிச் சுற்றித் தேய்த்தேன்,
மறுபடி முறுக்கினேன்.

நின்றுவிட்டதா என்று
குழாயின் வாயைப் பார்த்தபடி
நானும் அவரும் காத்திருந்தோம்.
உள்ளறையில் மின்விசிறியை யாரோ நிறுத்தினார்கள்,
நன்றாகக் கேட்பதற்கு.