தண்ணீரின் உப்பு

வண்டிக் கூரையில் கட்டிய ஒலிபெருக்கிக்கு
ஒரு பக்கம் தொண்டை கட்டியிருந்தது.
புட்டியில் இருப்பது குளோரோ.
வயிற்றைப் பிடுங்குவது கோலெரா.
போர்த்துகீசியம் தெரிந்த எனக்கே
பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது
இரண்டும் ஒன்றாய்த்தான் கேட்டது.
நம்புலாவின் அந்தக் கடலோரத்தில்
மக்குவா மட்டுமே பேசுகிறவர்களுக்கு
வேறெப்படிக் கேட்கும்?

நான் ஓட்டுநர், பெயர் அமீஸ்.
சம்பளம் கைக்கும் காலுக்கும்,
வாய்க்கு இல்லை.
என் மக்குவாவும் உள்நாட்டு மக்குவா,
கடற்கரைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.
சும்மா இருந்தேன்.

மருத்துவர் ஒதேத் மபூட்டோவிலிருந்து வந்தவர்.
மாமரத்தில் ஆணியடித்துச் சுவரொட்டி மாட்டினார்:
குழாயடியில் கழுவிக்கொள்ளும் இரண்டு கைகள்.
ஊரில் குழாய் கிடையாது.
"யாருடைய கை? மணிக்கட்டோடு வெட்டியிருக்கிறதே"
என்றான் ஒரு பையன்.
அதையும் நான் மொழிபெயர்க்கவில்லை.

மூன்றாம் நாள்
அடிபம்பின் கைப்பிடி காணாமல் போனது.
நான்காம் நாள் எங்கள் முன்கண்ணாடி.
எறிந்தவள் மீன் விற்கும் முவானாஷா.
அவள் ஓடவில்லை,
இன்னொரு கல்லோடு நின்றாள்,
விலை சொல்லிவிட்டுக்
காத்திருப்பவள் போல.

போலீசைக் கூப்பிடுவோம் என்றார் எங்களில் ஒருவர்.
இருக்கையில் கிடந்த சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே
ஒதேத் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.
"என்ன சொல்கிறாள்?"

சொன்னேன்.
"போன மழைக்கு வெள்ளை வண்டி வந்தது,
பிறகு என் மகன் போனான்.
இந்த மழைக்கும் வந்தது,
பிறகு என் தங்கை.
வண்டி வராத வருஷம் ஒரு சாவும் இல்லை.
கணக்குத் தெரியாதவளா நான்?
காசை எண்ணித்தானே மீனைக் கொடுக்கிறேன்."

கூட்டலில் பிழையே இல்லை.
நோய் வந்ததால் வண்டி வந்தது, எங்கள் ஏட்டில்.
வண்டி வந்ததால் நோய் வந்தது, அவள் விரல்களில்.
இரண்டிலும் அதே பிள்ளை, அதே தங்கை.

ஒதேத் வெகுநேரம் பதில் சொல்லவில்லை.
வந்ததிலிருந்து அவர் பேசியதில்
அதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்:
தங்கை முதலில் படுத்தது என்றைக்கு?

தேதி இல்லை அவளிடம், கடல் இருந்தது.
"பெருவற்றத்தன்று. சிப்பி பொறுக்கப் போனோம்,
பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்."
வண்டி?
"வண்டி வந்தபோது வற்றம் குறைவு,
சிப்பியே கிடைக்கவில்லை, அது பிற்..."
நிறுத்திக்கொண்டாள்.
கல்லைக் கீழே போடவில்லை.
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இருட்டிய பிறகு அவள்தான் ஆரம்பித்தாள்.
"அந்தப் பெயர் வேண்டாம். அது நோயின் பெயர்.
தண்ணீரை அது என்ன செய்யும்?"
கெடாமல் வைக்கும்.
"மீனுக்கு உப்பு செய்வதையா?"
கிட்டத்தட்ட, என்றார் ஒதேத்.
கிட்டத்தட்ட என்பதற்கு
என்னிடம் கடலோரச் சொல் இல்லை.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீரின் உப்பு என்று பெயராயிற்று.
புட்டிகள் அவள் வீட்டுக் கூடைக்குப் போயின.
வண்டி முந்திரிமரத்தடியிலேயே நிற்கட்டும்,
ஊருக்குள் நடந்து வாருங்கள்,
இது அவள் நிபந்தனை.

அடுத்த வாரம் செலெமானே
குடத்தில் ஒரு பிடி சமையல் உப்பைப் போட்டு
வீடு முழுக்கக் குடித்து ஓங்கரித்துவிட்டு
சண்டைக்கு வந்தார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
கூடவே, அந்த ஒரு ஆமாம் தொண்டையில் கரித்தது.
ஒதேத் செருப்பை மாட்டுவதற்குள்
முவானாஷா அவரைப் பிடித்துக்கொண்டாள்:
"கறிக்குப் போடுகிற உப்பா சொன்னேன்?
புட்டியை எடு. மூடியைத் திற. மோந்து பார்.
எத்தனை சொட்டு என்று என்னைக் கேள்,
அளவு கேட்டால் மானமா போய்விடும்?"

எங்கள் சுவரொட்டி எதிலும்
இந்த வசை கிடையாது.

ஒரு விடியலில் பம்பின் கைப்பிடி
இருந்த இடத்தில் இருந்தது.
எடுத்தது யாரென்று யாரும் கேட்கவில்லை.
சாவுகள் நின்றுவிட்டன என்று சொல்லமாட்டேன்.
அதற்குப் பிறகும் இரண்டு.
அந்த இரண்டு வீட்டுக்கும்
முவானாஷாதான் முன்னால் நடந்தாள்,
நாங்கள் பின்னால்.

முன்கண்ணாடி இன்னும் மாற்றவில்லை.
தலைநகருக்கு மூன்று கடிதம் போயிருக்கிறது.
புழுதி கண்ணை அரிக்கிறது.
ஒலிபெருக்கியை நான் இப்போதெல்லாம் போடுவதில்லை.
மெதுவாக ஓட்டினால்
வழியில் நடப்பவர்கள் பேசுவது உள்ளே வருகிறது.
பாதி புரிகிறது.