அஞ்சல் குறியீடு 2145

பின்னேரம் மூன்றரைக்குப் பட்டியல் மாறியது.
மூன்று வருடமாய்
'பொருள் விளங்கவில்லை' வரிசையில் கிடந்த மாற்றமொன்று
'நோய் தரும்' வரிசைக்கு ஏறியிருந்தது.
பத்தொன்பதாவது நிறமூர்த்தம்.
ஜீ நிற்க வேண்டிய இடத்தில் ஏ.
முந்நூறு கோடி எழுத்தில்
பிழை அது ஒன்றுதான் என்றில்லை.
இது, கொழுப்பை உள்ளே எடுக்கும் கதவின்
பூட்டில் விழுந்த பிழை.

(கொழுப்பு என்றால் எங்கள் சனம் சிரிக்கும்.
வாய்க்கொழுப்பைத்தான் முதலில் நினைக்கும்.)

எங்கள் தொகுப்பில் ஏழு பேர்.
ஆறு பேருக்குக் கடிதம் போகும்:
ஓர் இரத்தப் பரிசோதனை, இரவில் ஒரு குளிசை,
பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.
தலையெழுத்து என்று கைகழுவ
இது தலையில் இல்லை,
ஈரலில் எழுதியிருக்கிறது.
நாற்பத்தைந்தில் நிற்க இருந்த நெஞ்சு
எண்பதிலும் படியேறலாம்.

ஏழாவது ஆள்
'முடிவை எனக்குச் சொல்ல வேண்டாம்' என்றிருக்கிறார்.
திரையில் அது ஒரு பூச்சியம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
ஆண். பிறந்தது எண்பத்து மூன்று.
வீட்டில் பேசும் மொழி தமிழ்.
அந்த வருடத்தில் பிறந்த ஒருவர்
கெட்ட சேதி போதும் என்பது எனக்கு விளங்குகிறது.
அஞ்சல் குறியீடு 2145.
என்னுடையதும் அதுதான்.

பெயரைத் திறக்கும் சாவி லெய்லா ஹடாட்டிடம்.
கேட்க வாயெடுத்தேன்.
"வேண்டாம்" என்றாள், கோப்பியைப் பார்த்தபடி.

வெஸ்ட்மீடில் ரயிலேறி
வென்ட்வொர்த்வில்லில் இறங்கினேன்.
கொத்துக் கடையில் தகரச் சத்தம்.
வரிசையில் அந்த வயதில் ஐந்து ஆண்கள்.
காசு நீட்டுகிற விரல்களின் மூட்டில்
புடைப்பு ஏதும் உண்டா,
கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் உண்டா,
வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு முட்டை போடுங்கோ" என்ற ஒருவர்
திரும்பி, "என்ன தங்கச்சி,
என்னைத் தெரியுமோ?" என்றார்.

"தெரியாது" என்றேன்.
அது பொய்யா என்று எனக்கே தெரியாது.

இரவு, ஒழுக்கநெறிக் குழுவுக்கு எழுதினேன்:
அவர் வேண்டாம் என்றபோது
அதற்குப் பொருள் என்னவென்று எங்களுக்கே தெரியாது.
இப்போது தெரியும்.
இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கலாமா?

குழு கூடுவது
அடுத்த மாதம், இரண்டாம் வியாழன்.
அதுவரை ரெண்டு முட்டைதான்.